அலாரம் அடித்தால் எழுந்து வருவது யார்?



"யானைக்கும் அடி சறுக்கும்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். யானைக்கு நாலு கால். சறுக்கினாலும் சமாளித்துக்கொள்ளும். எழுபது வயதுப் பெரியவர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு இறங்கும்போது சறுக்கினால் சமாளிக்க முடியுமா?

இந்தக் கேள்வியை ஒரு கட்டுரைக்கு விஷயமாக எடுத்ததற்குக் காரணம் நம் புராஜெக்ட் கண்காட்சிதான். அநேகமாக எந்தப் பாலிடெக்னிக் கண்காட்சிக்குப் போனாலும் ஏதாவது ஒரு மேசையில் "பேஷண்ட் மூவ்மெண்ட் அலாரம்" இருக்கும். தெர்மாகோலில் ஒரு கட்டில், அதில் ஒரு பொம்மை. பொம்மையைத் தூக்கினால் பஸ்ஸர் "கீ..." என்று கத்தும். எக்ஸாமினர் சிரித்துக்கொண்டே மார்க் போடுவார். கண்காட்சி முடிந்ததும் கட்டில், பொம்மை, பஸ்ஸர் எல்லாம் ஸ்டோர் ரூம் அலமாரிக்குப் போய்விடும். அடுத்த வருடம் வேறொரு பேட்ச், வேறொரு பொம்மை!

அலாரம் அடிக்கிறது, சரி. அடித்தால் எழுந்து வருவது யார்? இந்தக் கேள்விக்குப் பதில் யோசிக்காமல் செய்கிற கருவி எதுவும் பொம்மைதான் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

விழுவது சின்ன விஷயமா?

"விழுந்துட்டாரு, எழுந்துக்குவாரு" என்று நாம் சாதாரணமாகப் பேசுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. உலகம் முழுக்க வருடத்துக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்ததால் இறக்கிறார்கள். எதிர்பாராத காயங்களால் வரும் சாவில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர வருமான நாட்டுக்காரர்கள். அதிலும் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம்.

நம் தருமபுரி மாவட்டத்துக்கு இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. இங்கே பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை விழுவதோடு நிற்காது. முற்றினால் மூட்டும் முதுகெலும்பும் இறுகிப் போகும். குனிய முடியாது, சட்டென்று திரும்ப முடியாது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன்பு போர் தண்ணீரைக் குடித்தே வளர்ந்து, வேலை செய்து, வயதானவர்கள்தான் இன்றைக்கு நம் தாத்தா பாட்டிகள். இறுகிப் போன மூட்டோடு தடுமாறுகிற ஒருவர் கையை ஊன்றித் தப்பிப்பது எவ்வளவு சிரமம் என்று எண்ணிப் பாருங்கள்.

ஏன் விழுகிறார்கள்?

நோயாளிகள் பெரும்பாலும் சும்மா எழுந்து விழுவதில்லை. ஏதோ ஒரு தேவைக்குத்தான் எழுகிறார்கள். அதில் முக்கியமானது பாத்ரூம். பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகமாக்கும். தூக்க மாத்திரை போட்டிருந்தால் பாதி மயக்கம். படுத்தே கிடந்தவர் திடீரென எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கித் தலை சுற்றும். எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் பிரஷர் 20 புள்ளி இறங்கினால் டாக்டர்கள் அதை ஒரு கோளாறு என்றே கணக்கில் எடுக்கிறார்கள். இதோடு உயரமான இரும்புக் கட்டில், ஈரத் தரை, மங்கலான விளக்கு, அளவில்லாத செருப்பு எல்லாம் சேர்ந்தால் விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்!

இடுப்பு எலும்பு முறிந்தால் ஆபரேஷன் வரை போகும். வயதானவர்கள் பலர் அதற்குப் பிறகு பழையபடி நடப்பதில்லை. நடக்க முடியாதவர் படுக்கிறார். படுத்தவருக்குப் படுக்கைப் புண், சளி, நெஞ்சு நோய் என்று ஒவ்வொன்றாக வருகிறது. காய்ச்சலுக்காக ஆஸ்பத்திரிக்கு வந்தவர் காய்ச்சல் குணமாகியும் படுத்த படுக்கையாக வீட்டுக்குப் போவது எவ்வளவு பெரிய கொடுமை!

அலாரம் என்ன செய்யும், என்ன செய்யாது?

இந்தக் கருவியில் பல வகை உண்டு. ஒன்று கயிறு வகை. சட்டையில் ஒரு கிளிப், மறுமுனையில் ஒரு காந்தம். நோயாளி எழுந்தால் கயிறு இழுபட்டு காந்தம் பெட்டியிலிருந்து கழன்றுவிடும், உடனே அலாரம் அடிக்கும். இரண்டாவது, மெத்தைக்கு அடியில் வைக்கும் பேடு. உடம்பின் எடை இருக்கும்வரை அமைதியாக இருக்கும், எடை போனால் கத்தும். மூன்றாவது, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் விரிக்கும் மிதி பாய். இவை போக அகச்சிவப்புக் கதிர் வகை, கேமரா வகை என்றெல்லாம் வந்துவிட்டன.

எல்லாவற்றுக்கும் பொதுவான உண்மை ஒன்று உண்டு. எந்த அலாரமும் கையை நீட்டி நோயாளியைப் பிடிக்காது! "எழுகிறார்" என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்துவிடும். பிடிக்க ஒரு மனுஷர் வேண்டும். அதுவும் சில நொடிகளுக்குள் வர வேண்டும்.

மணியைப் பற்றி முதலில் ஒழுங்காக யோசித்தவர்களில் ஒருவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். 1853-ல் லண்டன் ஹார்லி தெருவில் ஒரு மருத்துவமனைப் பொறுப்பை ஏற்றபோது அவர் கேட்ட வசதிகளில் மணியும் ஒன்று. நோயாளி இழுத்தால் மணி நர்ஸ் அறை வாசலில் அடிக்க வேண்டும், கூடவே ஒரு சின்ன மூடி திறந்து அப்படியே நிற்க வேண்டும். அப்போதுதான் மணி ஓய்ந்த பிறகும் கூப்பிட்டது யார் என்று நர்ஸுக்குத் தெரியும். கவனியுங்கள் நண்பர்களே... சத்தம் மட்டும் போதாது, அது சரியான ஆளுக்குச் சரியான சேதியைச் சொல்ல வேண்டும் என்று அவர் அப்போதே புரிந்துகொண்டிருக்கிறார்.

இனி நம் காலத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 2008 அக்டோபரிலிருந்து, ஆஸ்பத்திரிக்குள் விழுந்து அடிபட்டால் அந்தக் காயத்துக்கான கூடுதல் செலவை அரசின் மெடிகேர் காப்பீடு தராது என்று விதி வந்தது. விழாமல் தடுப்பது ஆஸ்பத்திரிகளுக்குப் பணப் பிரச்சினையாகவும் ஆனது. அலாரம் வாங்கி மாட்டினால் போதுமா? அங்கே ஒரு மருத்துவமனையின் 16 வார்டுகளில் 27,672 நோயாளிகளை வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2012-ல் வெளியானது. சில வார்டுகளில் அலாரத்தைப் பல மடங்கு அதிகமாகப் பயன்படுத்த வைத்தார்கள். ஆனால் விழுவது குறிப்பிடும்படி குறையவில்லை! இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் 1,839 நோயாளிகளிடம் கட்டில் பேடும் நாற்காலி பேடும் வைத்து, நர்ஸ் கையில் பேஜர் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-ல் முடிவு வந்தது. அதுவும் அதே கதைதான்.

ஏன் இப்படி? அலாரம் அடித்து, நர்ஸ் தன் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு வார்டின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வருவதற்குள் நோயாளி தரையில் இருப்பார். புரண்டு படுத்தாலும் அலாரம், இருமினாலும் அலாரம் என்றால் "புலி வருது, புலி வருது" கதைதான். நிஜமாகப் புலி வரும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நம் வார்டு வேறு

"அப்படின்னா அலாரமே தண்டம்தானேடா?" என்று என் நண்பன் கேட்டான். இல்லை. அந்த ஊர் வார்டில் இல்லாத ஒருவர் நம் ஊர் வார்டில் இருக்கிறார். அவர்தான் கூட இருப்பவர், அட்டெண்டர்!

நம் மாவட்டத்தில் எந்த ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானாலும் ராத்திரியில் போய்ப் பாருங்கள். கட்டிலில் நோயாளி. கட்டிலுக்குக் கீழே, அல்லது இரண்டு கட்டிலுக்கு நடுவில், பாயோ பழைய புடவையோ விரித்து ஒரு அம்மா, ஒரு மனைவி, ஒரு மகள். வயசுப் பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விடுவதால், 70 வயதுக் கணவருக்கு 65 வயது மனைவியே காவல் இருப்பதும் உண்டு. சம்பளம் இல்லாத இந்தக் காவலாளிகளை நம்பித்தான் நம் வார்டுகள் ராத்திரியைத் தாண்டுகின்றன.

என் அம்மாவும் அப்படி இருந்தவர்தான். நான் பத்தாவது படிக்கும்போது தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். அம்மா கூலி வேலையை விட்டுவிட்டுத் தாத்தாவோடு தங்கினார். பகலெல்லாம் மாத்திரைச் சீட்டு, ஸ்கேன் வரிசை, சாப்பாடு, துணி துவைப்பது என்று ஓட்டம். இரண்டு ராத்திரி கண் மூடவில்லை. மூன்றாம் ராத்திரி உட்கார்ந்தபடியே அசந்துவிட்டார். தாத்தா எழுப்பவில்லை. பின்னால் அவரே சொன்னார்: "பாவம், புள்ள அசந்து தூங்குது. ஒண்ணுக்குப் போக மருமவள எழுப்புறதுக்குக் கூச்சமா இருந்துச்சு. நானே போயிட்டு வந்துடலாம்னு பார்த்தேன்." நாலடி நடக்கவில்லை, விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் உயிரோடு இருந்தார். ஒருநாளும் தானாக எழுந்து நடக்கவில்லை.

அன்றைக்கு எல்லாரும் அம்மாவைத்தான் கேட்டார்கள். "கூட இருந்தது யாரு? பாக்காம என்னா பண்ணிட்டு இருந்த?" சொந்தக்காரர்களும் கேட்டார்கள், வார்டில் இருந்தவர்களும் கேட்டார்கள். மூன்று நாள் தூங்காத ஒரு மனுஷி கண் அசந்தது குற்றமா? அந்தப் பழியை அம்மா இன்னும் சுமந்துகொண்டுதான் இருக்கிறார்.

இதைப் பரிதாபத்துக்காக எழுதவில்லை. இதில் ஒரு டெக்னிகல் பாடம் இருக்கிறது. தாத்தா கைக்கு எட்டும் தூரத்தில் காலிங் பெல் இருந்திருந்தாலும் அழுத்தியிருக்க மாட்டார். கூச்சமும் பாசமும் கையைத் தடுக்கும். பெல் என்பது நோயாளி கேட்டால்தான் அடிக்கும். அசைவு அலாரம் கேட்காமலே சொல்லிவிடும். பெல்லுக்கும் அலாரத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். வெளிநாட்டு வார்டில் அலாரத்துக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு நீண்ட வராந்தா. நம் வார்டில் நடுவே இருப்பது இரண்டடி! கேட்பவர் இரண்டடியில் இருந்தால் பலன் கிடைக்கும் என்று நான் நம்புகிறேன். இது என் நம்பிக்கைதான், நிரூபணம் அல்ல. நிரூபித்துக் காட்டுவது நம் வேலை.

நம் அலாரம் எப்படி இருக்க வேண்டும்?

என் புராஜெக்ட் பற்றி அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இது அடிச்சா எனக்குக் கேக்குமா? இல்ல, வார்டே முழிச்சுக்குமா?" சர்க்யூட் தெரியாத அம்மா கேட்ட அந்தக் கேள்வியை வைத்தே சில விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, சத்தம் கடைசியில்தான் வர வேண்டும். பழைய செல்போனில் இருக்கும் அதிர்வு மோட்டாரைக் கழற்றி ஒரு துணிப் பட்டையில் தைத்து அட்டெண்டரின் மணிக்கட்டில் கட்டிவிடலாம். கட்டிலில் இருந்து இரண்டு மீட்டர் ஒயர் போதும். ஒயர்லெஸ் வேண்டாம், ஆப் வேண்டாம், இண்டர்நெட் வேண்டாம். முதலில் கை அதிரும். ஐந்து நொடியில் யாரும் பட்டனை அழுத்தாவிட்டால் மட்டும் பஸ்ஸர் அடிக்கட்டும்.

இரண்டாவது, பொய் அலாரம். புரண்டு படுக்கும்போது பேடு ஒரு கணம் விடுபடும். அதற்கு அடிக்கக் கூடாது. நாம் லேபில் போட்ட அதே 555 டைமர்தான்! 100 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் போட்டால் 1.1 நொடி கிடைக்கும். அந்த நேரத்துக்கு மேலும் எடை திரும்பி வராவிட்டால் மட்டும் எச்சரிக்கை. எவ்வளவு நொடி சரி என்பதைப் புத்தகம் சொல்லாது, சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்றாவது, ஒயர் அறுந்தாலும் சொல்ல வேண்டும். ஆள் படுத்திருக்கும்போது சர்க்யூட் மூடியிருக்க வேண்டும், எழுந்தால் திறக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஒயர் அறுந்தாலும் சர்க்யூட் திறந்து அலாரம் அடித்துவிடும். தலைகீழாகச் செய்தால் அறுந்த அலாரம் அமைதியாகக் கிடக்கும், நாமும் நம்பி ஏமாந்து போவோம். பேட்டரி தீர்ந்தால் மட்டும் இதுவும் ஊமைதான். அதனால் ஒரு டெஸ்ட் பட்டன் வேண்டும். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு தடவை அழுத்திப் பார்க்கப் பழக்க வேண்டும்.

நான்காவது, 230 வோல்ட்டைக் கட்டில் பக்கமே கொண்டுபோகக் கூடாது. சிறுநீர் படும் இடம் அது. பேட்டரி மட்டும்தான். பேடுக்கு ரெக்சின் உறை போட்டால் துடைத்து வைக்கலாம். வெறும் ஸ்பாஞ்ச் வைத்தால் நாற்றமும் கிருமியும்தான் மிச்சம்.

ஐந்தாவது, பாத்ரூம் போய்த் திரும்பிப் படுத்ததும் அலாரம் தானாகவே மறுபடி காவலுக்கு வர வேண்டும். சுவிட்சை ஆன் பண்ண மறந்துவிட்டார்கள் என்று பிறகு அவர்கள் மேல் பழி போடக் கூடாது. ஏற்கெனவே சுமக்கிற பழி போதும்!

ஆறாவது, அதே சிக்னலில் கட்டிலுக்கு அடியில் ஒரு சின்ன எல்.இ.டி. எரியட்டும். அட்டெண்டருக்கும் வழி தெரியும், நோயாளிக்கும் தரை தெரியும்.

பேடை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். முதுகுக்குக் கீழே வைத்தால் எழுந்து உட்காரும்போதே தெரியும், ஆனால் பொய் அலாரம் கூடும். இடுப்புக்குக் கீழே வைத்தால் பொய் குறையும், ஆனால் நேரம் போய்விடும். எது நல்லது என்று வார்டு சிஸ்டரைக் கேளுங்கள். அவருக்கு இருக்கிற அனுபவம் கூகுளுக்கு இல்லை.

சில எதிர்க் கேள்விகள்

"அலாரம் வந்தால் நர்ஸ் எண்ணிக்கையைக் குறைத்துவிடுவார்களே?" நியாயமான பயம்தான். அலாரம் நர்ஸுக்குப் பதில் இல்லை. ஐ.சி.யூ.விலும் ஆபரேஷன் வார்டிலும் அட்டெண்டரை உள்ளே விடமாட்டார்கள். அங்கே நர்ஸ் மட்டும்தான். காலிப் பணியிடங்களை நிரப்பு என்ற கோரிக்கையும் இந்தக் கருவியும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. சம்பளம் வாங்காத அட்டெண்டரைக் காட்டி நர்ஸ் தேவையில்லை என்று யாராவது சொன்னால் அதை முதலில் எதிர்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

"துண்டை வைத்துக் கட்டிலோடு கட்டிவிட்டால் விழமாட்டாரே?" இப்படிச் செய்வதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கட்டிப்போட்டவர் திமிறுவார், பயப்படுவார், இன்னும் மோசமாக அடிபடுவார். பக்கக் கம்பி போட்டாலும் சிலர் அதன்மேல் ஏறி இன்னும் உயரத்திலிருந்து விழுகிறார்கள். அலாரமும் கட்டிப்போடும் கயிறாக மாறிவிடக் கூடாது. "அசையாதே!" என்று அதட்டுவதற்கு அது இல்லை. "எழுகிறார், போய்க் கை கொடு" என்று சொல்வதற்குத்தான்.

"வீட்டில் விழுபவர்களுக்கு?" நல்ல கேள்வி. 2021 ஆகஸ்ட் 5 அன்று, 2004 வரை நம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே பிசியோதெரபி போக வேண்டும் என்பது அந்தத் திட்டத்தில் உண்டு. வீடு வீடாகப் போகிற அந்த ஊழியர்களிடம் காட்டி யோசனை கேட்கலாம்.

நாம் செய்ய வேண்டியது

நம் மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இது. இந்த வருடம் புராஜெக்ட் செண்டரில் காசு கொடுத்து வாங்கிய கிட்டை நம் பெயரில் வைப்பதற்குப் பதிலாக, ஒரு குழுவை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். முறைப்படி அனுமதி வாங்கி அரை நாள் வார்டில் உட்கார்ந்து பார்ப்போம். டாக்டரைக் கேட்போம், சிஸ்டரைக் கேட்போம், பாயில் படுத்திருக்கும் அம்மாக்களையும் கேட்போம்.

இது ஈ.சி.இ. வேலை மட்டும் அல்ல. கட்டில் உயரத்தை மெக்கானிகல் நண்பர்கள் பார்க்கட்டும். பாத்ரூம் தரை, பிடிமானக் கம்பி, வாசல் படி இதெல்லாம் சிவில் நண்பர்களின் துறை. அலாரத்தைவிட ஒரு பிடிமானக் கம்பி அதிகம் உதவலாம், அதற்காக நாங்கள் வருத்தப்பட மாட்டோம்!

கருவியை முதலில் நோயாளியிடம் வைக்கக் கூடாது. ஹாஸ்டலில் நாமே ராத்திரி முழுக்கப் படுத்துப் பார்ப்போம். நோயாளியாக நடிக்கவும், அட்டெண்டராகத் தூங்கவும் நம்மிடம் ஆள் பஞ்சமே இல்லை! எத்தனை தடவை சரியாக அடித்தது, எத்தனை தடவை பொய்யாக அடித்தது, எத்தனை தடவை அடிக்காமல் விட்டது என்று மூன்று கணக்கு எழுதுவோம். பிறகு டாக்டர் சம்மதித்தால் மட்டும் வார்டுக்குக் கொண்டுபோவோம். முடிவு நல்லதோ கெட்டதோ, அடுத்த ஆண்டு மலரில் அப்படியே அச்சிடுவோம். வேலை செய்யவில்லை என்றாலும் எழுதுவோம். வெளிநாட்டுக்காரர்கள் 27,672 பேரை வைத்துப் பார்த்துவிட்டுப் பலன் இல்லை என்று தைரியமாக எழுதினார்கள். அந்த நேர்மை நமக்கும் வேண்டும்.

என்னைப் போலவே நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். நம்மைப் படிக்க வைத்தவர்கள் இன்றைக்கு வயதாகிக் கட்டிலிலோ, கட்டிலுக்குக் கீழே பாயிலோ இருக்கிறார்கள். நாம் படித்த 555-ம் ரெசிஸ்டரும் அவர்களுக்கு ஒரு ராத்திரியாவது நிம்மதியான தூக்கம் கொடுத்தால், டிப்ளமோவுக்கு அதைவிட வேறு என்ன மரியாதை வேண்டும்?

அலமாரியில் இருக்கும் பொம்மையை எடுத்து வையுங்கள். வார்டுக்குப் போவோம், வாருங்கள்!

— மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை